மூன்று எழுத்து இடம்

அன்று மத்தியானம் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி, பேக்கிங் பார்க்கிற அண்ணன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். எனக்கு முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷ் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த முதலாளியின் மச்சான் குவைத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. என் அப்பா நாலு ஷெட் தள்ளிப் பொதுச் சூளையில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தார். இந்த ஐந்து பேரில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் குவைத்தில் இருந்தார். எழுதத் தெரியும் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தது என்னை.

எங்களுடையது சின்ன யூனிட். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு ஷெட். டீக்கடைகளுக்கான கப் மட்டும் செய்தோம். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, காயவைத்து, எங்கள் முறை வரும்போது பொதுச் சூளைக்கு அனுப்புவோம். வெந்து வந்த கப்புகளை அண்ணன் பழைய பேப்பரில் சுற்றி, வைக்கோல் திணித்து, மரப்பெட்டியில் அடுக்கி ஆணி அடிப்பார். பெட்டிக்குப் பத்து டஜன். பெட்டிகள் ஜங்ஷனிலிருந்து ரயிலில் வெளியூர் போகும். அவற்றுக்கான கடிதங்களும் போகும், இங்கிலீஷில். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய்க்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் வரும். அதை ஒரு படம் வரைவதுபோல வரைவார்.

மாதம் தொண்ணூறு ரூபாய்க்கு என்னை எடுத்திருந்தார். டெம்ப்ரவரி. ஐப்பசியில் ஒருநாள், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்: "தை பொறக்கட்டும் தம்பி. கடுதாசி வேல தடுமாறாம ஓடுச்சின்னா ஒன்ன பர்மனென்ட் பண்ணிடறன். நூத்தியம்பது."

அப்பா அன்று சாயங்காலமே சூளையில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டார், தையோடு தான் வரப்போவதில்லை என்று. சாம்பலும் சூடும் அவர் கண்ணை ஒருவழி பண்ணியிருந்தன. காலையில் எழுந்ததும் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா துணியை நனைத்து ஒற்றித் திறந்துவிட வேண்டும். ஆக, அப்பா சூளையைவிட்டு வெளியே வருவது என் கடிதங்களைப் பொறுத்து இருந்தது. என் கடிதங்கள் இரண்டு சின்னச் சொற்களைப் பொறுத்து இருந்தன. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: 'ஏ' என்றால் ஒரு, 'தி' என்றால் அந்த. அதை வைத்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டேன். நிஜமான ஆளுக்கு நிஜமான கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த விதி ஓட்டை என்று தெரிந்தது. சூரியனுக்கு 'தி' போடுகிறார்கள். அந்தச் சூரியன் என்று நாம் யாராவது சொல்கிறோமா? தபால் ஆபீஸுக்குப் போனேன் என்றால் 'தி'. பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்றால் ஒன்றும் கிடையாது. தமிழில் பெட்டி வந்தது என்றால் பெட்டி வந்தது. இங்கிலீஷில் அது எந்த விதமான பெட்டி, கேட்கிறவருக்கு முன்பே தெரிந்ததா தெரியாததா என்று ஒவ்வொரு தடவையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கான பாஷை அது என்று எனக்குப் பட்டது.

கேட்க ஆள் இல்லை. பேட்டையில் இங்கிலீஷ் தெரிந்த ஆபீசர்கள் இருந்தார்கள்; அவர்களிடம் போய், 'ஏ' எங்கே போடுவது என்று ஒரு கரஸ்பாண்டன்ஸ் கிளார்க் கேட்டால் அது பாய் காதுக்கு வர அரைமணி நேரம் ஆகாது. என்னோடு படித்தவர்கள் எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் நின்று வயலுக்கோ சூளைக்கோ போய்விட்டார்கள். ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு 'தி' போட வேண்டும் என்று பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றில் பார்த்தேன்: சூரியன், சந்திரன், பூமி. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் நான் ஒருவன். தெருவில் யாருக்கு மணியார்டர் ஃபாரம் எழுத வேண்டுமானாலும் "படிச்ச புள்ளய கூப்புடு" என்பார்கள். எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றாக இருப்பதில் பெருமை இருக்கிறது. ஆனால் சூரியனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அது யாரிடம் போய்க் கேட்கும்?

அதனால் நானே ஒரு வழி பண்ணினேன். கப் சுற்றுவதற்காக எடைக்கு வாங்கிய பேப்பர் கட்டில் இங்கிலீஷ் பேப்பரும் வரும். அதில் நல்ல தாளாக ஒன்றை எடுத்து, ஒரு செய்தியில் வரும் 'ஏ', 'தி' எல்லாவற்றையும் மையால் அழித்துவிடுவேன். எது எங்கே இருந்தது என்று வேறு தாளில் குறித்து வைத்துக்கொள்வேன். ஒரு வாரம் கழித்து, மறந்த பிறகு, அழித்த இடங்களை நிரப்புவேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு ஷெட் நிழலில் படுத்திருக்கும்போது நான் மட்டும் இந்தப் பரீட்சையை எழுதி நானே திருத்துவேன். இருபதுக்குப் பதினான்குக்கு மேல் ஒருநாளும் வாங்கினதில்லை.

அண்ணன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னா தம்பி, பேப்பருக்கு மையி பூசற? கண்ணுபடாம இருக்கறதுக்கா?"

"சும்மாதாண்ணே."

"சும்மான்னா எனக்குக் குடு. கப்பு சுத்தணும்."

இந்தப் பழக்கம் கடிதத்துக்குள்ளும் வந்தது. டைப்ரைட்டரில் அடிக்கும்போது, சந்தேகமான இடத்தில் மூன்று எழுத்துக்கான இடத்தை விட்டுவிடுவேன். 'தி' என்பது இங்கிலீஷில் மூன்று எழுத்து. அது சரியாக உட்காரும். 'ஏ' என்றால் ஒரு எழுத்துதான். இரண்டு பக்கமும் கொஞ்சம் காலியாகத் தெரியும், பரவாயில்லை. கடிதம் முழுக்க அடித்த பிறகு, தாளைப் பின்னுக்கு உருட்டி, ஒவ்வொரு இடமாக யோசித்து நிரப்புவேன். சில கடிதத்தில் எட்டு இடம் இருக்கும். அண்ணனுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். "ஒன் லெட்டருக்கு அங்கங்க பல்லு உழுந்துருக்குது தம்பி. அப்பறம் வந்து பல்லு கட்டற."

முதலில் சொன்ன அந்த மத்தியானம், கார்த்திகை மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுதுவிட்டு வந்தார். ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்தக்காரர் வீட்டில் நிக்காஹ் பேச்சு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும். அன்று காலைத் தபாலில் பெங்களூர் வியாபாரியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. நாங்கள் அனுப்பிய பன்னிரண்டு பெட்டியில் ஒரு பெட்டி ரயிலில் நொறுங்கிப் போய்விட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். படித்து அர்த்தம் சொன்னேன்.

"நொறுங்குன பெட்டிய அனுப்பிவுடச் சொல்லு," என்றார் பாய். "வண்டிச் செலவு நம்மளுது. பெட்டி வந்ததும் அந்தப் பணத்த கழிச்சிக்கலாம்னு எழுது. பெரிய பார்ட்டி. மொகம் சுளிக்கக் கூடாது."

அடித்தேன். ஐந்து இடம் விட்டேன். நான்கை நிரப்பினேன். ஐந்தாவது, பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள் என்கிற வரியில், 'பாக்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் இருந்தது.

அங்கே நின்றுவிட்டேன். இருவருக்கும் தெரிந்ததானால் 'தி'. ஆனால் எனக்கு அந்தப் பெட்டி தெரியுமா? பன்னிரண்டில் எது நொறுங்கியது என்று அவர் எழுதவில்லை. நான் பார்க்காத, எது என்றே தெரியாத பெட்டியைத் தெரிந்த மாதிரி எப்படி எழுதுவது? 'ஏ' போட்டால், ஏதோ ஒரு பெட்டியை அனுப்பு என்று ஆகிவிடுமோ? மாறி மாறி யோசித்துக்கொண்டிருந்தேன். நொறுங்கின என்கிற சொல்லையே சேர்க்காமல் விட்டது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அத்தனை யோசனையும் அந்த மூன்று எழுத்து இடத்திலேயே போய்விட்டது.

பாய் குடையை எடுத்துக்கொண்டு நின்றார். "முடிஞ்சுதா தம்பி?"

ஒரு நிமிஷம் பாய், ஒரு இடம் பாக்கி இருக்குது என்று சொல்லியிருக்கலாம். என்ன பாக்கி என்று அவர் கேட்பார். என்ன போடுவது என்று தெரியவில்லை என்று சொல்ல வேண்டி வரும். தைக்கு இன்னும் ஐம்பது நாள்கூட இல்லை.

"முடிஞ்சுதுங்க பாய்," என்றேன்.

நின்றுகொண்டே கையெழுத்தை வரைந்தார். தாளை மடித்துக் கவரில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டி, அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் சைக்கிளில் ஜங்ஷனுக்குப் போனார். நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: தப்பான சொல் இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது.

தை பிறந்து நாலாம் நாள், ஒரு ரயில்வே ரசீது தபாலில் வந்தது. அதோடு என் கடிதமும் குண்டூசி குத்தித் திரும்பி வந்திருந்தது. நான் விட்ட இடத்தில் நீல மையில் பதினொன்று என்று எண்ணால் எழுதியிருந்தது. மூன்று எழுத்து இடத்துக்கு அது தாராளமாகவே இருந்தது. பெட்டி பல பெட்டிகள் ஆவதற்கு வேண்டிய இரண்டு எழுத்தையும் கடைசியில் இடுக்கிச் சேர்த்திருந்தார். கீழே ஒரு வரி: தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி, பதினோரு பெட்டி அனுப்பியுள்ளேன், பணத்தைக் கழித்துக்கொண்டேன்.

பன்னிரண்டில் அவர் விற்றது ஒரு பெட்டி. நொறுங்கியது ஒன்று. விற்காத பத்தும் ஆணிகூடப் பிடுங்காமல் எங்கள் செலவில் திரும்பி வந்துகொண்டிருந்தன. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணிக்கையை நீயே போட்டுக்கொள் என்று முதலாளி இடம் விட்டிருப்பதாக அவர் நிஜமாகவே நினைத்திருக்கலாம். ஒரு சொல்லுக்காக விட்ட இடத்தில் ஒரு எண்ணும் உட்காரும்தானே.

பாயிடம் படித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டாலும் தாள் தெரியும்.

"இந்த எடத்துல நீ அடிச்சிருந்தத அவன் சொரண்டிட்டு எழுதியிருக்கானா?"

அவரே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்றால் போதும். பெங்களூர்க்காரர் ஃபோர்ஜரிக்காரர் ஆகிவிடுவார். நான் தை மாசத்துப் பர்மனென்ட் ஆகிவிடுவேன். பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அண்ணனின் சுத்தியல் நின்றுவிட்டது. பல் விழுந்த கடிதம் அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்காமல் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க பாய். நான்தான் எடம் உட்டன்."

"எதுக்கு?"

"என்னா போடறதுன்னு தெரியல."

"தெரியலன்னா கேக்க வேண்டியதுதான?"

"யாரங்க கேக்கறது?"

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார், மச்சானுடைய பழைய நாற்காலி அது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுவும் சரிதான்," என்றார். "கையெழுத்து என்னுது. எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். கூட்ஸ் ஷெட்டுல பணம் கட்டி எடுத்துக்கிட்டு வாங்க," என்றார். பர்மனென்ட் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சூளைக்குப் போனேன். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னால் போயிருந்தது.

"பெட்டியெல்லாம் திரும்பி வருதாமே?"

"ஆமாம்பா. நான் கடுதாசியில ஒரு வார்த்தைய உட்டுட்டன்."

"என்னா வார்த்தை?"

"சின்னது. 'தி'ன்னு."

"அப்டின்னா என்னா?"

"தனியா அதுக்கு அர்த்தம் கெடையாதுப்பா."

அப்பா அதைக் கொஞ்சம் யோசித்தார். கேலியாகக் கேட்கவில்லை; நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அர்த்தம் இல்லாதத எதுக்குடா வச்சிருக்கானுங்க?"

அவர் துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒருவர், "என்னாய்யா, தையோட நின்னுக்கறன்ன?" என்றார். "எந்த தைன்னு நான் சொல்லலியே," என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என்னவோ யோசிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் அது நாள் முழுக்கக் காதில் கேட்டது.

திரும்பி வந்த கப்பை வேறு வியாபாரிக்கு அனுப்பினால் ரயிலில் இன்னும் உடையும். பாய்தான் சொன்னார், மாசி மகத்துக்கு ஆற்றங்கரையில் கடை போடலாம் என்று. பழமலைநாதர் கோயில் திருவிழாவுக்கு நாலு பக்கமும் ஜனம் வரும். மணிமுத்தாற்று மணலில் சாக்கை விரித்து நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். அப்பா சூளைக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் வர வேண்டாம் என்றேன். "நீ ஒண்டியா கெடந்து என்னா பண்ணுவ?" என்றார்.

கூவி விற்க எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வளையலுக்குக் கூவுகிற கூவலில் எங்கள் கடை ஊமையாகக் கிடந்தது. அப்புறம் அப்பா ஒரு கப்பை விரல்நுனியில் தூக்கி, நகத்தால் சுண்டினார். மணி மாதிரி கணீரென்றது. நன்றாக வெந்த கப் அப்படித்தான் பேசும்; கீறல் விழுந்தது டப்பென்று அடங்கிவிடும். சூளைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். அவர் ஒவ்வொன்றாகச் சுண்டச் சுண்ட ஜனம் திரும்பிப் பார்த்தது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எவ்ளோப்பா?"

"ஜோடி அறுபது காசுங்க."

"ஜோடி எதுக்கு? எங்க வூட்டுல டீ குடிக்கறவரு ஒருத்தருதான். ஒரு கப்பு குடு."

முன்னால் இருந்த கப்பை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அப்பா செய்கிறதைப் பார்த்துவிட்டு, தானும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே அச்சில் வந்த கப். எனக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. பத்துப் பதினைந்து கப்பைச் சுண்டிவிட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். மடியிலிருந்து சில்லறை எடுக்கிற நேரத்தில் என் கை வேறு ஒன்றின்மேல் போய்விட்டது.

"அது இல்லப்பா. அந்த கப்பு."

கொடுத்தேன். அவர் எழுந்து போன பிறகும் கப் இருந்த மணல் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்தபோது எந்தக் கப்பாக இருந்தாலும் சரி. சுண்டிப் பார்த்து வைத்த பிறகு அது ஒன்றுதான். நான் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை, அதன் சத்தத்தைக் கேட்டிருக்கக்கூட வேண்டியதில்லை. அவர் எடுத்து வைத்தார் என்பது எனக்குத் தெரிந்தால் போதும். பெங்களூரிலும் அப்படித்தானே. நொறுங்கிய பெட்டியை நான் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பார்த்து எனக்கு எழுதிவிட்டார். அதற்குமேல் அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த பெட்டி.

மாதக்கணக்கில் பேப்பரில் மை பூசியும் பிடிபடாதது மணலில் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பா பக்கத்தில் இருந்தார், ஒரு கப்பைக் காதோரம் வைத்துச் சுண்டிக்கொண்டு.

"என்னாடா?" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து.

"ஒண்ணுமில்லப்பா."

பங்குனியில் குவைத்திலிருந்து மச்சானின் பதில் வந்தது. பெட்டிகள் திரும்பி வந்த வாரம், வெட்கத்தைவிட்டு அவருக்கு எழுதியிருந்தேன், 'ஏ', 'தி' எங்கே எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. ஏர்மெயில் தாளில் தமிழில் எழுதியிருந்தார்: "தம்பி, நானும் தெரிஞ்சி போட்டதில்ல. வாய்க்குள்ள சொல்லிப் பாப்பேன். காதுக்கு நல்லா இருந்தா போடுவேன், இல்லன்னா வுட்டுடுவேன். பாய் மச்சான்கிட்ட சொல்லிடாத. இங்க என்னைய லெட்டரே எழுத வுடறதில்ல. கிரேன்ல சாமான் எறங்கறத எண்ணிக்கிட்டு நிக்கிறேன். வெயிலு ஜாஸ்தி. பேச ஆளு இல்ல. நீ அடிக்கடி கடுதாசி போடு." பாயிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாதம் ஒரு கடிதம் அவருக்குப் போட்டேன், தமிழில்.

கணக்கைப் பாய் திருவிழா முடிந்த மறுநாளே போட்டார். பெங்களூர்க்காரர் கூடுதலாகக் கழித்துக்கொண்டதும் ரயில் செலவும் ஒரு பக்கம், ஆற்றங்கரையில் விற்றது ஒரு பக்கம். "படிக்காம கையெழுத்து போட்டது என் தப்பு, பாதி என்னுது," என்றார். "தெரியலன்னு சொல்லாதது ஒன் தப்பு, பாதி ஒன்னுது." சரி என்றேன். என் பாதி தீருகிறவரை மாசம் பதினோரு ரூபாய் பிடித்துக்கொள்வதாகவும், தீர்ந்த மாதம் பர்மனென்ட் என்றும் சொன்னார். பதின்மூன்று மாதம் பிடித்தார். பதின்மூன்று மாதமும் அப்பா சாம்பல் வாரினார். நான் விட்ட இடத்துக்குப் பாய்க்கும் எனக்கும் சேர்த்து ஆன செலவு இருநூற்று எண்பத்தாறு ரூபாய்.